தண்ணி திட்டம் ஏன் இழுக்குது, ஒப்பந்தம் ஏன் நடுவுல மாறுது: காரணத்த தேடி எழுதி வெக்கறது எப்படி

குடிதண்ணி திட்டம் ஒண்ணு லேட்டாகுதுன்னா பொதுவா ரெண்டு பதில்தான் வரும். ஆபீஸ்ல கேட்டா "காண்ட்ராக்டர் ஆள் போடல". காண்ட்ராக்டர்கிட்ட கேட்டா "இடம் தரல, பர்மிஷன் தரல, பில்லு வரல". ரெண்டுமே உண்மையா இருக்கலாம், சிக்கலே அங்கதான், ஏன்னா எது எதை நிறுத்துச்சு, எத்தனை நாள் நிறுத்துச்சு, அதுக்கு என்ன பேப்பர் இருக்குன்னு அடுத்த கேள்வி கேட்டா ரெண்டு பக்கத்துலயும் பதில் இருக்காது. இந்த வேலைக்கு புதுசா வந்திருக்கற இன்ஜினியருக்கும், மேல போற ஃபைல்ல கையெழுத்து போட வேண்டிய இடத்துல உக்காந்திருக்கறவங்களுக்கும் சேர்த்து எழுதறேன். காரணத்த எப்படி தேடறது, மாற்றம் வந்தா எப்படி பாக்கறது, எப்படி எழுதி வெக்கறது, அவ்வளவுதான் விஷயம்.

என் கருத்த முன்னாடியே சொல்லிடறேன். தண்ணி திட்டத்துல தொலையற நாள்ல பெரும்பகுதி ஒர்க் ஆர்டர் கையெழுத்தாகறதுக்கு முன்னாடியே தொலஞ்சு போயிருக்கும், நமக்கு வெளிய தெரியறது பின்னாடி. ஒப்பந்தம் மாறுறது தப்பு கிடையாது. மண்ணுக்கு அடியில பல கிலோமீட்டர் போற வேலை, எல்லாத்தையும் முன்கூட்டியே யாராலயும் பாத்துட முடியாது. எழுதாம மாத்தறதும், வேலை முடிஞ்சு ஆறு மாசம் கழிச்சு உக்காந்து எழுதறதும்தான் திட்டத்த குழியில தள்ளுது.

பேப்பர்லேர்ந்து ஆரம்பிங்க

சைட்டுக்கு போறதுக்கு முன்னாடி ஒப்பந்தத்த படிங்க, ஆனா முதல் பக்கத்துலேர்ந்து இல்ல. பொது நிபந்தனைன்னு ஒரு பகுதி இருக்கும், அது பல திட்டத்துக்கும் ஒரே மாதிரி அச்சடிச்ச புத்தகம், ஃபிடிக்குங்கற சர்வதேச இன்ஜினியர்கள் கூட்டமைப்பு போடற ரெட் புக் மாதிரி. அது கூட சிறப்பு நிபந்தனைன்னு மெல்லிசா ஒரு பகுதி இருக்கும், இந்த திட்டத்துக்குன்னு மாத்தின ஷரத்தெல்லாம் அதுலதான் இருக்கும், ரெண்டும் மோதினா சிறப்பு நிபந்தனைதான் ஜெயிக்கும். பல பேர் பொது புத்தகத்த மனப்பாடமா சொல்லுவாங்க, ஆனா அவங்க திட்டத்துல அந்த ஷரத்தையே வெட்டி எடுத்திருப்பாங்க. அதனால மெல்லிசா இருக்கறத முதல்ல படிங்க.

எந்த வகை ஒப்பந்தம்னு பாருங்க. ஃபிடிக்ல ரெட் புக்குன்னா டிசைன் பெரும்பாலும் கிளையன்ட் (வேலை குடுக்கறவங்க) பக்கம், முடிச்ச வேலைய அளந்து காசு. எல்லோ புக்குன்னா டிசைனும் காண்ட்ராக்டர் பண்ணணும். சில்வர் புக்குன்னா மண்ணுக்கு அடியில எதிர்பாராம என்ன வந்தாலும் பெரும்பாலும் காண்ட்ராக்டர் தலையிலதான் விழும். ஒரே பாறை, ஒரே பள்ளம், ஆனா எந்த புத்தகம்கிறத பொறுத்து அந்த பாறைக்கு யாரு காசு குடுக்கறதுன்னு மாறிடும். பாறை வந்தவுடனே சண்டை போடறதுக்கு முன்னாடி இத பாத்தாலே பாதி சண்டை குறையும்.

அப்புறம் நாலு பேப்பர் பக்கத்துல வெச்சுக்குங்க: ஒப்புக்கிட்ட முதல் புரோகிராம் (எந்த வேலை எப்போன்னு போட்ட அட்டவணை), பில் ஆஃப் குவான்டிட்டி (ஒவ்வொரு வேலையோட அளவும் ரேட்டும் போட்ட பட்டியல்), எந்த டிராயிங் எந்த தேதில எத்தனாவது தடவை மாறுச்சுங்கற ரிஜிஸ்டர், இடம் ஒப்படைச்ச தேதி எழுதின கடிதங்க. கடைசியா சொன்னது பல ஆபீஸ்ல ஒரே ஃபைலா இருக்காது, தேடித்தான் சேக்கணும். சேத்துடுங்க, இந்த வேலைல ரொம்ப பிரயோஜனமான ஃபைல் அதுதான்.

சதவீதத்த நம்பாதீங்க, மேப்புல பாருங்க

40 கிலோமீட்டர் பைப்லைன்ல 38 போட்டாச்சு, 95 சதவீதம் முடிஞ்சுதுன்னு ரிப்போர்ட் வரும். கணக்கு சரிதான். ஆனா அந்த மிச்ச 2 கிலோமீட்டர் எங்க இருக்குன்னு பாருங்க. ஒரு ரயில்வே கிராசிங், ஒரு பாலம், நெடுஞ்சாலைல ஒரு குறுக்கு வெட்டு, ஒரு தனியார் நிலம், இப்படி 15 இடத்துல துண்டு துண்டா இருக்கும். லைன் தொடர்ச்சியா இல்லாம தண்ணி போகாது, முக்கியமா அந்த துண்டுக்கு ரெண்டு பக்கமும் போட்ட பைப்ப டெஸ்ட் பண்ண முடியாது, டெஸ்ட் பண்ணாததால ரோட்ட பழையபடி சரி பண்ண முடியாது, ரோடு சரியாகாததால அடுத்த ரோட்ட வெட்ட பர்மிஷன் வராது. 60 மீட்டர் கேப்பு ஒண்ணு மூணு வேலைய பிடிச்சு வெச்சிருக்கும்.

அதனால ஒரு பெரிய மேப்புல போட்ட லைன பச்சைல, டெஸ்ட் முடிஞ்சத நீலத்துல, விட்ட இடத்த சிவப்புல போடுங்க. ஒவ்வொரு சிவப்பு பக்கத்துலயும் மூணு விஷயம் எழுதுங்க: ஏன் நிக்குது, யாரு கையில இருக்கு, எந்த தேதிலேர்ந்து. வாரா வாரம் அந்த மேப்ப புதுசா பண்ணி மீட்டிங்குல தொங்கவிட்டா 30 பக்க ரிப்போர்ட்டு பண்ணாத வேலைய அது பண்ணும். முடிஞ்ச சதவீதம்னு கேக்கறதுக்கு பதிலா, தண்ணி எந்த டேங்க் வரைக்கும் இன்னிக்கு போக முடியும்னு கேளுங்க.

காரணம் எங்கெல்லாம் ஒளிஞ்சிருக்கும்

நிலம்தான் முதல் இடம். டேங்குக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் நிலம் "கிடைச்சுடும்"கற நம்பிக்கைல டெண்டர் விட்டுடுவாங்க. கிடைக்காது, கோர்ட்டுக்கு போவாங்க, இல்ல வேற இடம் காட்டுவாங்க. வேற இடம்னா சும்மா இடம் மாறுறதுன்னு நினைச்சுக்கறாங்க, இத கொஞ்சம் கிட்டத்துல பாக்கணும். ஒரு மேல்நிலை டேங்க 700 மீட்டர் தள்ளி, 8 மீட்டர் தாழ்வான இடத்துக்கு மாத்தறோம்னு வைங்க. 10 மீட்டர் உயரம்னா ஏறக்குறைய 1 பார் பிரஷர். அப்போ கடைசி வீட்டு குழாய்ல 0.8 பார் கிட்ட குறைஞ்சிடுச்சு. அத திருப்பி கொண்டுவர டேங்கோட தூண் உயரத்த கூட்டணும், இல்ல பைப் சைஸ கூட்டணும். ஹேசன் வில்லியம்ஸ் கணக்குப்படி பைப்புக்குள்ள உராய்வுல போற பிரஷர் விட்டம் கூட கூட அதோட 4.87ஆம் அடுக்குல குறையும், அதே தண்ணி 200 எம்எம்க்கு பதிலா 250 எம்எம்ல போனா இழப்பு ஏறக்குறைய மூணுல ஒரு பங்காயிடும், அதனால சைஸ மாத்தறது வேலை செய்யும். ஆனா தூண் உயரம் மாறினா அஸ்திவார டிசைன் மாறும், புது இடத்துக்கு மண் பரிசோதனை திரும்ப பண்ணணும், பம்போட ஹெட் (தண்ணிய தூக்க வேண்டிய உயரம்) மாறும், மோட்டார் கிலோவாட் மாறும், டிரான்ஸ்ஃபார்மர் மாறும், ஏற்கனவே ஆர்டர் குடுத்த பம்ப் பொருந்தாமயே போகலாம். ஒரு வரி கடிதம், "டேங்க் இடம் மாற்றப்பட்டது". அதுக்கு பின்னாடி அஞ்சு டிராயிங்கு, ரெண்டு ஆர்டரு, சில மாசம். இந்த மாதிரி கடிதம் உங்க டேபிளுக்கு வந்தா அன்னிக்கே உக்காந்து இந்த சங்கிலி பூராவையும் எழுதுங்க, பைப்ப மட்டும் எழுதி அனுப்பிடாதீங்க.

அடுத்தது பர்மிஷன். ரயில்வே, நெடுஞ்சாலை, வனம், நீர்வளம், மின்சாரம், ஒவ்வொண்ணும் தனி ஆபீஸ், தனி கட்டணம், தனி வரைபடம் கேக்கும். இதுல கவனிக்க வேண்டியது, விண்ணப்பம் போடறது யாரு பொறுப்புன்னு ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்குங்கறது. "கிளையன்ட் உதவி செய்வார்"னு இருந்தா அதுக்கும் "கிளையன்ட் வாங்கித் தருவார்"னு இருக்கறதுக்கும் நடுவுல லேட்டான ஒவ்வொரு நாளோட காசும் தொங்குது. அதோட விண்ணப்பம் போட்ட தேதிய பாருங்க, பர்மிஷன் வர ஏழு மாசம் ஆச்சுன்னு சொல்லுவாங்க, தேடிப் பாத்தா அதுல நாலு மாசம் விண்ணப்பமே போகாம நம்ம ஃபைல்ல இருந்திருக்கும்.

மண்ணுக்கு அடி. எஸ்டிமேட்ல பாறை 10 சதவீதம்னு போட்டிருப்பாங்க, உதாரணத்துக்கு சொல்றேன், தோண்டினா 35 சதவீதம் வரும். ஊருக்குள்ள வெடி வெக்க முடியாது, பிரேக்கர் வெச்சு உடைக்கணும், ஒரு நாளைக்கு மண்ணுல போற நீளத்துல சின்ன பங்குதான் பாறைல போகும். பழைய தண்ணி லைன், சாக்கடை, கேபிள், கேஸ் பைப், இது எதுவும் டிராயிங்குல இருக்கற இடத்துல இருக்காது. இதுக்கு மருந்து ட்ரையல் பிட். டெண்டருக்கு முன்னாடியே நெருக்கடியான தெருக்கள்ல குறுக்கால பள்ளம் தோண்டி எந்த ஆழத்துல என்ன போகுதுன்னு அளந்து டெண்டர் பேப்பரோட சேத்து குடுக்கணும். அந்த செலவு திட்டத்துக்கு முன்னாடி ரொம்ப சின்னது, இருந்தும் "சர்வேக்கு காசு இல்ல"ன்னு விட்டுடறாங்க, எனக்கு மனசு ஆறவே ஆறாத விஷயம் இது. சுரங்கம் மாதிரி பெரிய வேலைன்னா மண்ணோட தன்மைய ஒரு அடிப்படை அறிக்கையா ஒப்பந்தத்துலயே வெச்சு, இதுக்கு மேல மோசமா இருந்தா கிளையன்ட் பொறுப்புன்னு எல்லை போடற முறை இருக்கு, 2019ல வந்த ஃபிடிக் எமரால்டு புக் அந்த அடிப்படைலதான் எழுதினது.

தண்ணி வர்ற மூலம். ஆறா, ஏரியா, போரா, கடலா, அதோட தரம் வருஷம் பூரா எப்படி மாறுதுன்னு பாக்காம நல்ல மாசத்துல எடுத்த ரெண்டு சாம்பிள வெச்சு சுத்திகரிப்பு நிலையத்த டிசைன் பண்ணிட்டா, மழைக்காலத்துல கலங்கல் ஏறும்போது மாட்டும். அமெரிக்காவுல டாம்பா பே கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2003ல தண்ணி குடுக்க ஆரம்பிச்சுது, ஆனா உப்ப வடிகட்டற மெம்பிரேன் சீக்கிரம் அடைச்சுக்கிட்டு டெஸ்ட்ல தேறல, முன்சுத்திகரிப்பு பகுதிய பெரிய அளவுல மாத்தி கட்டி 2007 கடைசிலதான் ஒழுங்கா ஓட ஆரம்பிச்சுது. அது கூடவே நடுவுல காண்ட்ராக்ட் எடுத்த கம்பெனிங்க திவாலும் ஆச்சு. தண்ணிய பத்தின தகவல் குறைவு, கம்பெனியோட பண நிலமை, ரெண்டும் ஒரே திட்டத்துல சேந்து அடிச்சா என்ன ஆகும்கறதுக்கு இத படிக்கணும்.

கரண்ட். பம்ப் ஹவுஸ் கட்டி பெயின்ட் அடிச்சு நிக்கும், மின் இணைப்பு வராது. பெரிய பம்ப், டிரான்ஸ்ஃபார்மர், ஸ்விட்ச்கியர் எல்லாம் ஆர்டர் குடுத்தப்புறம்தான் செய்வாங்க, பல மாசம் ஆகும், அதனால அதோட டிராயிங் அப்ரூவல் எந்த தேதில போச்சு, எந்த தேதில திரும்பி வந்துச்சுன்னு தனியா பாருங்க.

பணம். இதுக்கு பெரிய உதாரணம் நியூயார்க்கோட மூணாவது தண்ணி சுரங்கம். 1970ல ஆரம்பிச்சாங்க, 1970கள் நடுவுல அந்த நகரமே பண நெருக்கடில மாட்டினப்போ வேலை நின்னுச்சு, முதல் கட்டம் 1998லதான் ஓட ஆரம்பிச்சுது, மன்ஹாட்டன் பகுதி 2013ல. பில் லேட்டாகறத சின்ன விஷயமா நினைக்காதீங்க. காண்ட்ராக்டர் ஒரேடியா நிறுத்த மாட்டாரு, முதல்ல நாலு கேங்குல ஒண்ண வேற சைட்டுக்கு அனுப்புவாரு, அப்புறம் பைப் ஆர்டர தள்ளிப் போடுவாரு. மாசா மாசம் எத்தனை ஆள், எத்தனை மெஷின் சைட்டுல இருந்துச்சுங்கறதையும் பில் பாஸான தேதியையும் ஒரே கிராஃப்ல போட்டுப் பாருங்க, கதை பூரா அதுல தெரிஞ்சிடும். 1999 ரெட் புக்குல, உரிய நேரத்துல காசு வரலேன்னா 21 நாள் நோட்டீஸ் குடுத்துட்டு வேலைய நிறுத்தவோ மெதுவாக்கவோ காண்ட்ராக்டருக்கு உரிமையே இருக்கு.

இதெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு விழும்போது எப்படி இருக்கும்னா நேபாளத்தோட மேலம்சி திட்டத்த பாருங்க. காத்மாண்டுவுக்கு ஒரு நாளைக்கு 17 கோடி லிட்டர் தண்ணி கொண்டுவர 26 கிலோமீட்டருக்கு மேல சுரங்கம். ஆசிய வளர்ச்சி வங்கி கடன் ஒப்புதல் 2000ல. 2012ல சுரங்கம் தோண்டின சீன கம்பெனியோட ஒப்பந்தம் ரத்து, அடுத்து வந்த இத்தாலி கம்பெனி 2018 டிசம்பர்ல வேலைய விட்டுட்டு போயிடுச்சு, மறுபடியும் புது ஒப்பந்தம், 2021 மார்ச்சுல தண்ணி காத்மாண்டு வந்துச்சு, அதே வருஷம் ஜூன்ல வெள்ளம் வந்து தண்ணி எடுக்கற இடத்த சேதப்படுத்திடுச்சு. ஒவ்வொரு தடவை காண்ட்ராக்டர் மாறும்போதும் மிச்ச வேலைய அளந்து, புதுசா டெண்டர் போட்டு, புது ஆளுங்க மெஷின் கொண்டுவர வரைக்கும் மலைக்குள்ள ஒரு மீட்டர் கூட நகராது. அதனால காண்ட்ராக்டர தூக்கிடலாம்னு கோபத்துல பேசறவங்ககிட்ட, மாத்தறதுக்கு எத்தனை மாசம் ஆகும்னு முதல்ல கணக்கு போட சொல்லுங்க. சில நேரம் தூக்கறதுதான் சரி, ஆனா கணக்கு போட்டுட்டு தூக்குங்க.

யாரு தலையில, காலமா காசா

காரணம் கிடைச்சாச்சுன்னா அடுத்தது அத மூணு கூடைல போடறது. கிளையன்ட்னால வந்தது (இடம் தரல, டிராயிங் லேட்டு, வேலை கூட்டினது), இதுக்கு பொதுவா காலமும் உண்டு காசும் உண்டு. யாராலயும் வராதது (அசாதாரண மழை மாதிரி), இதுக்கு பெரும்பாலும் காலம் மட்டும். காண்ட்ராக்டர்னால வந்தது, இதுக்கு ஒண்ணும் கிடையாது, தாமத அபராதம் ஓடும்.

ஆனா எல்லா லேட்டும் லேட்டு கிடையாது. மொத்த திட்டத்தோட முடிவு தேதிய தள்ளற சங்கிலில அந்த வேலை இருக்கான்னு பாக்கணும், கிரிட்டிகல் பாத்துன்னு சொல்றது அதத்தான். ஒரு கிளை தெருவுல ரெண்டு மாசம் நின்னாலும் அந்த தெரு கடைசி மாசத்துலதான் தேவைன்னா முடிவு தேதி நகரல, அப்போ காலம் கேக்க முடியாது. ரெண்டு பேரோட தாமதமும் ஒரே நேரத்துல ஓடுச்சுன்னா, இங்கிலாந்துல கட்டுமான சட்ட சங்கம் 2002ல வெளியிட்டு 2017ல திருத்தின தாமத நெறிமுறை சொல்றது, காண்ட்ராக்டருக்கு காலம் குடு, ஆனா இழுத்த நாளுக்கான செலவு தராதேன்னு. எல்லா நாட்டுலயும் கோர்ட்டு இதையே சொல்லணும்னு இல்ல, இருந்தாலும் பேச்சுவார்த்தைக்கு நல்ல ஆரம்பம்.

கிளையன்ட் பக்கத்து ஆளுங்களுக்கு ஒண்ணு அழுத்தி சொல்லணும். கால நீட்டிப்பு குடுக்கறது காண்ட்ராக்டருக்கு பண்ற தயவுன்னு நினைச்சு ஃபைல வருஷக்கணக்குல அழுத்தி வெக்கறாங்க. கிளையன்ட்னால ஆன தாமதத்துக்கு நீட்டிப்பு குடுக்காம விட்டா, சில நாட்டு சட்டத்துல பழைய முடிவு தேதியே செல்லாம போகலாம், அப்புறம் அபராதம் போடற உரிமையும் சேந்து போகலாம். நியாயமான நீட்டிப்ப நேரத்துல குடுத்தாதான் புது தேதி கையில இருக்கும், அந்த தேதிக்கு அப்புறம் காண்ட்ராக்டர் இழுத்தா தைரியமா பிடிக்க முடியும்.

மாற்றம் வந்தா என்னென்ன பாக்கணும்

ஃபிடிக்ல மாற்றம்னா அளவு, தரம், மட்டம், இடம், கூடுதல் வேலை, வேலைய விடறது, வேலையோட வரிசை, இது எல்லாமே அடங்கும். வேலைய விடறதுல ஒரு கண்டிஷன் இருக்கு, இவர்கிட்டேர்ந்து எடுத்து இன்னொருத்தருக்கு குடுக்கறதுக்காக விட முடியாது. இது தெரியாம "அந்த பகுதிய கழிச்சுட்டு வேற டெண்டர் போடலாம்"னு ஆரம்பிச்சு நஷ்டஈட்டுல முடிஞ்ச திட்டங்க இருக்கு.

அளவு தானா கூடறதும் மாற்றமும் வேற வேற. டிராயிங் மாறாம பள்ளம் மட்டும் அளந்தா கூட வந்துச்சுன்னா பழைய ரேட்டுலயே அளந்து காசு குடுக்கலாம், தனி ஆர்டர் வேண்டாம். ஆனா ரொம்ப கூடினா ரேட்டையே திரும்ப பாக்கணும்: 1999 ரெட் புக்குல ஒரு ஐட்டத்தோட அளவு 10 சதவீதத்துக்கு மேல மாறி, அந்த மாற்றத்தோட மதிப்பு ஒப்பந்த தொகைல 0.01 சதவீதத்த தாண்டி, யூனிட் செலவும் 1 சதவீதத்துக்கு மேல நேரடியா மாறினா, ரேட்டு நிலையானதுன்னு ஒப்பந்தத்துல தனியா சொல்லாத ஐட்டமாவும் இருந்தா புது ரேட்டு கேக்கலாம், நாலும் சேந்து இருக்கணும். இத ரெண்டு பக்கமும் பயன்படுத்தணும். சில காண்ட்ராக்டர்ஸ் டெண்டர்லயே எந்த ஐட்டம் கூடும்னு மோப்பம் பிடிச்சு, பாறை ரேட்ட ரொம்ப ஏத்தி, மண் ரேட்ட ரொம்ப இறக்கி போடுவாங்க, மொத்தம் பாத்தா கம்மியா இருக்கும், டெண்டர் ஜெயிப்பாங்க, அப்புறம் பாறை கூட கூட காசு கொட்டும். டெண்டர் பாக்கும்போதே ஒவ்வொரு ரேட்டையும் எஸ்டிமேட் ரேட்டோட வெச்சுப் பாருங்க, எங்க ரொம்ப விலகுதோ அந்த ஐட்டத்தோட அளவ திரும்ப கணக்கு பண்ணுங்க.

ஒரு மாற்ற ஃபைல் உங்ககிட்ட வந்தா இந்த கேள்விங்கள கேளுங்க. இத யாரு கேட்டாங்க, எந்த தேதில? டெண்டருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்க வேண்டிய விஷயமா? தெரிஞ்சிருக்கணும்னா டிசைன் பண்ணினவங்ககிட்ட கேள்வி போகணும், காண்ட்ராக்டர திட்டி பிரயோஜனம் இல்ல. வேலை ஏற்கனவே நடந்துடுச்சா, நடந்துடுச்சுன்னா யாரு சொல்லி நடந்துச்சு? ரேட்டு எங்கேர்ந்து வந்துச்சு, பில் ஆஃப் குவான்டிட்டில இருக்கற ரேட்டா, அதோட ஒட்டின ரேட்டா, மார்க்கெட் கொட்டேஷனா? இதனால எத்தனை நாள் கூடும்னு அதே ஃபைல்ல இருக்கா? இந்த கடைசி கேள்விய விட்டுடறதுதான் அதிகமா நடக்குது, காச மட்டும் இப்போ ஒத்துக்கிட்டு காலத்த "பின்னாடி பாத்துக்கலாம்"னு எழுதுவாங்க, பின்னாடி அது பெரிய தகராறா திரும்பி வரும். காசும் நாளும் ஒரே கையெழுத்துல முடியணும்.

கடன் குடுக்கற வங்கி பின்னாடி இருந்தா அவங்க எல்லையும் பாருங்க, உலக வங்கி பணத்துல முன்அனுமதி தேவைப்படற பெரிய ஒப்பந்தங்கள்ல மாற்றமெல்லாம் சேந்து முதல் தொகைல 15 சதவீதத்த தாண்டும்போது அவங்க ஒப்புதல் வேணும்னு ஒரு விதி உண்டு. எல்லைக்கு கீழ இருக்கணும்னு ஒரே மாற்றத்த மூணா உடைச்சு போடற வேலைய மட்டும் செய்யாதீங்க, ஆடிட்ல முதல்ல மாட்டறது அதுதான், அதுல மாட்டினா உண்மையிலயே தேவைப்பட்ட மாற்றம் கூட திருட்டு மாதிரி தெரியும்.

விலை ஏறுறது தனி கதை. எச்டிபிஇங்கற பிளாஸ்டிக் பைப்போட மூலப்பொருள் பெட்ரோலியத்துலேர்ந்து வருது, டிஐ பைப் இரும்பு, ரெண்டும் உலக மார்க்கெட்டோட ஆடும். ஒப்பந்தத்துல விலை சரிக்கட்டற ஃபார்முலா இருந்தா அது மாற்றம் கிடையாது, கணக்கு: நிலையான ஒரு பங்கு, மிச்சத்த கூலி, எரிபொருள், பொருள்னு பிரிச்சு, இன்னிக்கு இன்டெக்ஸ (விலைக் குறியீட்ட) ஆரம்ப இன்டெக்ஸால வகுக்கறது. ஃபார்முலா இல்லாத நீண்ட ஒப்பந்தத்துல விலை ஏறிடுச்சுன்னா காண்ட்ராக்டர் பைப் வாங்கறத தள்ளிப்போடுவாரு, காரணம்னு கடிதத்துல வேற எதையாவது எழுதுவாரு. பைப் வராத தேதியையும் விலை ஏறின தேதியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா புரிஞ்சிடும்.

டைரி எழுதறது

"வேலை நடக்கவில்லை, மழை." இப்படி ஒரு டைரி எழுதினா அது எதுக்கும் உதவாது. இப்படி எழுதுங்க: "செயின்னேஜ் 1240 முதல் 1310 வரை. காலை 8 மணிக்கு ஒரு எக்ஸ்கவேட்டர், 9 பேர் வந்தார்கள். 1265ல் 1.1 மீட்டர் ஆழத்தில் டிராயிங்கில் இல்லாத மின் கேபிள், வடக்கு தெற்காக. 9.20க்கு நிறுத்தம். மின் ஆபீஸுக்கு 10 மணிக்கு தகவல். ஆட்கள் 2 மணி வரை சும்மா, பிறகு 1400க்கு மாற்றினோம். போட்டோ 4, அளவு டேப் வைத்து எடுத்தது. இரு தரப்பு கையெழுத்து." செயின்னேஜ்னா லைன் ஆரம்பத்துலேர்ந்து அளந்த தூரம், மீட்டர்ல. அஞ்சு நிமிஷ வேலை. ரெண்டு வருஷம் கழிச்சு அந்த இடம் மூடி தார் போட்டு மேல வண்டி ஓடும்போது, அந்த கேபிள் இருந்துச்சுங்கறதுக்கு உலகத்துல இருக்கற ஒரே சாட்சி இந்த சில வரிதான். எதிர்தரப்பு கையெழுத்து போட மாட்டேன்னா, மறுத்தாங்கன்னு எழுதி அன்னிக்கே மெயில் போட்டுடுங்க. பாறை வந்தா மூடறதுக்கு முன்னாடி கூட்டா அளங்க, மூடினப்புறம் அளந்த பாறை எப்பவுமே தகராறுதான்.

வாய்வழி உத்தரவ மறுக்க முடியாத நேரம் வரும், வீட்டு இணைப்ப இந்த பக்கம் மாத்து, வால்வ அங்க வைன்னு சைட்டுல சொல்லிட்டு போயிடுவாங்க. அன்னிக்கு சாயங்காலமே "இன்று நீங்கள் சைட்டில் சொன்னபடி இதை செய்கிறோம், இதற்கு செலவும் காலமும் கூடும், விவரம் தனியாக வரும்"னு கடிதம் போடுங்க. மரியாதையாவே எழுதலாம், சண்டையா எழுத தேவையில்ல.

நோட்டீஸ் நாள தவறவிடாதீங்க. ஃபிடிக் 1999லயும் 2017லயும், விஷயம் தெரிஞ்ச நாள்லேர்ந்து, இல்ல தெரிஞ்சிருக்க வேண்டிய நாள்லேர்ந்து 28 நாளுக்குள்ள நோட்டீஸ் போகணும், போகலேன்னா உரிமையே போகலாம். விவரமான கணக்கு 1999ல 42 நாள், 2017ல 84 நாள். முதல் நோட்டீஸ்ல கணக்கு வேண்டாம், நடந்தத மட்டும் ரெண்டு பாரால சொன்னா போதும். 2017 புத்தகத்துல கிளையன்ட் கேக்கறதுக்கும் இதே கெடு பொருந்தும், அத கிளையன்ட் ஆபீஸ்ல நிறைய பேர் கவனிக்கல. நோட்டீஸ் அனுப்பினா உறவு கெட்டுப் போயிடும்னு தயங்கறாங்க. நோட்டீஸ்ங்கறது எதிர்தரப்புக்கு பிரச்சனைய சரி பண்ண நேரம் குடுக்கறது, மறைச்சு வெச்சு கடைசில மொத்தமா நீட்டறதுதான் உறவ கெடுக்குது.

கடைசி கட்டத்துல தொலையற மாசங்க

பைப் எல்லாம் போட்டாச்சு, இன்னும் ஒரு மாசத்துல தண்ணின்னு அறிவிப்பாங்க. டெஸ்ட்டுக்கு தண்ணி எங்கேர்ந்து? பெரிய விட்டம் பைப்புல சில கிலோமீட்டர் நிரப்ப லட்சக்கணக்கான லிட்டர் வேணும், 600 எம்எம் பைப்புல ஒரு கிலோமீட்டருக்கே ஏறக்குறைய 2.8 லட்சம் லிட்டர். உள்ள சிமென்ட் பூசின டிஐ பைப்புன்னா அந்த பூச்சு தண்ணிய உறிஞ்சறதுக்கு ஒரு நாள் நிரப்பி வெச்சுட்டுத்தான் டெஸ்ட் பிரஷர் ஏத்தணும், இல்லேன்னா லீக்கே இல்லாத இடத்துல லீக்குன்னு அலைவோம். வளைவுல பைப் நகராம தாங்கற த்ரஸ்ட் பிளாக் கான்கிரீட் இறுகாம பிரஷர் ஏத்தினா ஜாயின்ட் விலகும். அப்புறம் கழுவணும், குளோரின் போடணும், கிருமி டெஸ்ட் ரிசல்ட் வரணும், ஒரு சாம்பிள் தேறலேன்னா திரும்ப முதல்லேர்ந்து. இதுக்கெல்லாம் புரோகிராம்ல "டெஸ்டிங், 15 நாள்"னு ஒரே ஒரு கோடு இருக்கும். புரோகிராம் அப்ரூவ் பண்ணும்போதே இந்த கோட்ட உடைச்சு, எந்த பகுதி, எந்த தண்ணி, எந்த தேதின்னு கேட்டு வாங்குங்க.

மொத்தமும் முடிஞ்சப்புறம்தான் ஒப்படைக்கணும்னு இல்ல. ஒப்பந்தம் எழுதும்போதே பகுதி பகுதியா ஒப்படைக்கற மாதிரி, ஒவ்வொரு பகுதிக்கும் தனி தேதி, தனி அபராதம்னு பிரிச்சு வெச்சா, ரயில்வே கிராசிங் அந்த பக்கம் நின்னாலும் இந்த பக்கம் இருக்கற டேங்குக்கு தண்ணி போகும், ஜனங்க காத்துக்கிட்டு இருக்க வேண்டாம். பிரிச்சு எழுதாம பாதில பயன்படுத்த ஆரம்பிச்சா, அந்த பகுதிய கிளையன்ட் ஏத்துக்கிட்டதா ஆகி, அதோட பாதுகாப்பு கிளையன்ட் பொறுப்புக்கு மாறி, மிச்சத்துக்கான அபராதமும் குறையும், அதனால வால்வ திறக்கறதுக்கு முன்னாடி அந்த பகுதிக்கு சர்டிபிகேட்ட எழுதிடுங்க. ஒப்படைக்கற அன்னிக்கே, பைப் உண்மையில எங்க எப்படி போட்டிருக்குன்னு காட்டற டிராயிங்க வாங்கிடுங்க, ஒவ்வொரு வால்வுக்கும் வளைவுக்கும் ஆழமும் ஜிபிஎஸ் இடமும் போட்டு, பைப் சைஸ் பில்லோட ஒத்துப்போகுதான்னு சரிபாத்து. கடைசி பில்ல பாஸ் பண்ணிட்டு டிராயிங் அப்புறம் வரட்டும்னு விட்டா அது வராது, அடுத்து அந்த தெருவுல கேபிள் போட வர்றவங்க ட்ரையல் பிட்டுல நம்ம பைப்ப தேடிக்கிட்டு இருப்பாங்க.